எந்த வருடம், எந்த அட்டை, எத்தனை லிட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலஸ்தீனர்களின் வாய்மொழிச் சாட்சியங்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடர்ந்து தமிழில் தருகிறீர்கள். இந்த வேலையைக் கையில் எடுத்ததற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இதுவரை வந்தவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு குறை உறுத்துகிறது. பேசியவர் கலங்கிய இடமெல்லாம் அச்சில் இருக்கிறது. அவர் சொன்ன ஆண்டு, மணி, சீட்டின் பெயர், தண்ணீரின் அளவு, கொடுத்த பணம் எல்லாம் காணாமல் போயிருக்கின்றன. பக்கத்தில் இடம் போதவில்லை என்று வெட்டினீர்களோ, வாசகருக்கு இதெல்லாம் எதற்கு என்று வெட்டினீர்களோ தெரியாது. ராணுவ ஆக்கிரமிப்பின் கீழான அன்றாட வாழ்க்கையைப் பற்றிய வாய்மொழி வரலாற்றில் சரக்கே அந்த விவரங்கள்தான். துயரம் எந்த நாட்டுச் சாட்சியத்திலும் இருக்கும். எந்த உத்தரவு எந்த வீட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதை அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “என்னிடம் பச்சை அட்டை இருந்தது, அதனால் வேலைக்குப் போக முடியவில்லை” என்று மேற்குக் கரைக்காரர் ஒருவர் சொல்கிறார். 1967 போரில் மேற்குக் கரையையும் காசாவையும் பிடித்த பிறகு இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம் கொடுத்த அடையாள அட்டையின் உறை மேற்குக் கரையில் ஆரஞ்சு, காசாவில் சிவப்பு. 1987 டிசம்பரில் முதல் இன்டிஃபாதா எனும் பாலஸ்தீன மக்கள் எழுச்சி வெடித்த பிறகு, சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் பலருக்குப் பச்சை அட்டை கொடுத்தார்கள். அதை வைத்திருப்பவர் இஸ்ரேலுக்குள் நுழையக் கூடாது. 1994-இல் பாலஸ்தீன அதிகார சபை எனும் வரையறைக்கு உட்பட்ட சுயாட்சி நிர்வாகம் வந்தபின் எல்லோருடைய உறையும் பச்சை ஆகிவிட்டது. ஆகவே 1989-இல் பச்சை என்றால் தெருவில் நிறுத்தும் சிப்பாய்க்கு, ‘இவன் உள்ளே இருந்து வந்தவன்’ என்று தூரத்திலேயே தெரியும். 1999-இல் பச்சை என்றால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் அதேதான். ஆண்டைப் போடாமல் அந்த வாக்கியத்தை அச்சிட்டால், மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லாமலேயே பொருள் தவறிவிடும்.

பேசுபவர்கள் ஆண்டு சொல்வதில்லை என்பது உண்மைதான். பெரும் பனி விழுந்த குளிர்காலம், அரஃபாத் திரும்பி வந்த வருடம், இரண்டாவது மகன் பிறந்த ஊரடங்கு என்றுதான் சொல்வார்கள். கேட்பவர்தான் அதை ஆண்டாக மாற்ற வேண்டும். அதற்குத் துணைக் கேள்விகள் உண்டு. அப்போது உங்கள் வண்டியின் நம்பர் பிளேட் என்ன நிறம்? (மேற்குக் கரையில் 1990-களின் ஓஸ்லோ ஒப்பந்தங்களுக்கு முன் நீலம், பிறகு வெள்ளையில் பச்சை எழுத்து.) கடைகள் நண்பகலோடு மூடப்பட்டனவா? முதல் இன்டிஃபாதாவில் எழுச்சியைத் தலைமறைவாக நடத்திய ‘ஒருங்கிணைந்த தலைமை’ எண் போட்ட துண்டறிக்கைகள் வழியாகத்தான் வேலைநிறுத்த நாட்களையும் கடை நேரத்தையும் அறிவித்தது. மாதந்தோறும் 9-ஆம் தேதி பொது வேலைநிறுத்தம். “ஒன்பதுக்கு மறுநாள்” என்று ஒருவர் சொன்னால் தேதியே கிடைத்த மாதிரி.

அதே தலைமை கோடைக்கால நேரத்தையும் இஸ்ரேல் மாற்றிய நாளில் அல்லாமல் வேறு நாளில் மாற்றச் சொன்னது. சில வாரங்களுக்கு ஒரே ஊரில் இரண்டு மணிகள் ஓடின. சிப்பாய்கள் இளைஞர்களின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி ‘தவறாக’ இருந்தால் உடைத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எனவே அந்த வாரங்களைச் சேர்ந்த ஒரு சாட்சியமும் ராணுவத்தின் குறிப்பும் ஒரு மணி நேரம் முன்பின்னாக இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. இது தெரியாத உதவியாசிரியர் இரண்டில் ஒன்றை ‘திருத்தி’விடுவார்.

ஊரடங்கு என்ற ஒரே சொல்லில் தாங்கள் வெளியிட்ட இரண்டு சாட்சியங்களும் கலந்து கிடக்கின்றன. 1988-இன் ஊரடங்கு வேறு, 2002 மார்ச் இறுதியில் ராணுவம் நகரங்களுக்குள் மீண்டும் புகுந்தபோது வந்தது வேறு. முதலாவதில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆகஸ்ட் 1988-இல், எழுச்சிக்காக ஊர்தோறும் அமைந்த மக்கள் குழுக்கள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டபின் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால்கூடக் குற்றம். பீர்ஸெய்ட் பல்கலைக்கழகம் 1988 ஜனவரியிலிருந்து 1992 ஏப்ரல் வரை மூடிக் கிடந்தது. பட்டம் வாங்க எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆனவர்களின் கதை அங்கிருந்து வருகிறது. இரண்டாவதில் மின்சாரக் கம்பமும் தண்ணீர்க் குழாயும் டாங்கியில் அடிபட்டு, ஊரடங்கு தளரும் சில மணி நேரத்துக்குள் மாவு, கேஸ் சிலிண்டர், பால் பவுடர், சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வரிசை வைத்து ஓட வேண்டியிருந்தது. வரிசையில் எது முதலில் என்பதை வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். ஆண்கள் டாங்கியின் மாடல் சொல்வார்கள்.

தண்ணீர் விஷயத்துக்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், ஏனென்றால் தமிழில் அதிகம் வெட்டுப்படுவது இதுதான். 1967 ஆகஸ்டில் வந்த ராணுவ உத்தரவு 92 நீர் அதிகாரம் முழுவதையும் ராணுவத்திடம் கொண்டுவந்தது. நவம்பரில் வந்த 158, அனுமதியில்லாமல் எந்த நீர் அமைப்பையும் கட்டக் கூடாது என்றது. ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு என்று 1995-இல் ஓஸ்லோ உடன்படிக்கையில் எழுதிய பங்கீடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காகிதத்தில் இவ்வளவு. வீட்டில் இது எப்படி இறங்குகிறது என்றால், மொட்டைமாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள். பெத்லகேம், ஹெப்ரோன் பக்கம் கோடையில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை, வாரக்கணக்கில் வராமலும் இருக்கும். வந்தால் அது நள்ளிரவானாலும் ஒருவர் எழுந்து தரைத் தொட்டியை நிரப்ப வேண்டும். அழுத்தம் போதாததால் மாடிக்குத் தானாக ஏறாது, மோட்டார் போட வேண்டும். அந்த நேரம் கரண்ட் இல்லையென்றால் முடிந்தது. நிரம்பிய அன்றே துணி துவைப்பு, தலைக்குக் குளியல், பாத்திரம் எல்லாம். பிறகு கழுவிய தண்ணீர் கழிப்பறைக்கு. தீர்ந்துபோனால் லாரித் தண்ணீர். குழாய்த் தண்ணீரைப் போலப் பல மடங்கு விலை, சோதனைச் சாவடியைச் சுற்றி வர வேண்டியிருந்தால் இன்னும் கூடும்.

இந்த விவரங்களோடு சாட்சியம் இருந்தால் வாசகர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்: 1,000 லிட்டர் தொட்டிகள் மூன்று, வீட்டில் எட்டுப் பேர், அடுத்த தண்ணீர் 20 நாள் கழித்து என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 19 லிட்டர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது சுமார் 100. ‘தண்ணீருக்குத் தவித்தோம்’ என்று மட்டும் அச்சிட்டால் இந்தக் கணக்கை யாரும் போட முடியாது. அதனால்தான் தொட்டி எத்தனை, ஆள் எத்தனை, எத்தனை நாள் இடைவெளி என்று மூன்றையும் கேட்காமல் பதிவாளர்கள் எழுந்துவருவதில்லை.

வேலைக்குப் போகிறவரின் விடியல் அடுத்தது. 2023 அக்டோபருக்கு முன் ஒன்றரை லட்சம் பாலஸ்தீனர்கள் வரை இஸ்ரேலிலும் மேற்குக் கரையின் யூதக் குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். அப்போது ஹெப்ரோன் பகுதியிலிருந்து பெத்லகேமின் ‘சாவடி 300’ எனும் ராணுவச் சோதனைச் சாவடிக்கு வந்தவர் இரவு இரண்டு மணிக்கெல்லாம் வேனில் ஏறிவிடுவார். நான்கு மணிவாக்கில்தான் கதவு திறக்கும். முன்னால் போனவனுக்கு முன் இடம். இரும்புக் கம்பிக் கூண்டு போன்ற நீண்ட வழி, அதற்குள் நெரிசல், கம்பிகளின் மேல் ஏறி முன்னால் குதிப்பவர்கள், நடுவே தேநீரும் எள் ரொட்டியும் விற்பவர்கள். முதல் சுழல் கதவு. பெல்ட்டையும் பூட்ஸையும் கழற்றி எக்ஸ்ரே. பிறகு அடையாள அட்டை, காந்தப் பட்டை அட்டை, வேலை அனுமதிச் சீட்டு மூன்றும், கூடவே உள்ளங்கைப் பதிவு. 2019-க்குப் பிறகு, ரமல்லா பக்கமுள்ள கலாந்தியா சாவடியிலும் இங்கும் முகத்தைப் பார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவுகள் வந்தன. கைரேகை தேய்ந்துபோன கட்டிடத் தொழிலாளிக்கு உள்ளங்கை இயந்திரம் அடிக்கடி சிவப்பு விளக்கு காட்டும். சிமெண்டும் சுண்ணாம்பும் கையை அரித்ததுதான் காரணம். அவர் பின்னால் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் முதலாளியின் வண்டி காத்திருக்காது.

சீட்டின் பொருளாதாரம் இன்னும் மோசம். 2020 இறுதியில் அறிவித்த சீர்திருத்தம் வரை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. வேலையை விட்டால் சீட்டு செத்துப்போகும். ஆகவே சீட்டை விற்கும் தரகர்கள் முளைத்தார்கள். மாதம் 2,000 முதல் 2,500 ஷெக்கல் வரை சீட்டுக்கே போகும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் என்று பலர் சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போது கூலி எவ்வளவு, வேன் எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, எத்தனை நாள் மழையில் வேலை இல்லை என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். “பாதுகாப்புக் காரணம்” என்று ஒரு வரியில் சீட்டை மறுப்பார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். மறுக்கப்பட்டவரின் தம்பிக்கும் மைத்துனருக்கும் அதே பதில் வந்ததா என்று கேட்காமல் விட்டால் பாதிக் கதை போய்விடும்.

ஜெருசலேம் பாலஸ்தீனர்களின் சாட்சியத்தில் மையப் பொருள் ஒரு பிளாஸ்டிக் உறை. அவர்களிடம் இருப்பது நீல அட்டை. குடியுரிமை அல்ல, ‘நிரந்தர வசிப்பு’. 1990-களின் நடுவிலிருந்து இஸ்ரேலிய உள்துறை அமைச்சகம் கேட்பது, ‘உங்கள் வாழ்க்கையின் மையம்’ ஜெருசலேமில்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். அர்னோனா எனும் மாநகராட்சி வரி ரசீது, கரண்ட் பில், தண்ணீர் பில், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, சம்பளச் சீட்டு என எல்லாம் மாதவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கிக் கட்டி, உறைக்குள் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். இரண்டு மாதப் பில் தொலைந்தால் ‘அந்த இரண்டு மாதம் எங்கே இருந்தீர்கள்’ என்ற கேள்வி வரும். பில் எப்போதும் ஒருவர் பெயரில் வருவதால், மாமியார் வீட்டில் குடியிருக்கும் மருமகளிடம் காட்ட எதுவும் இருக்காது. அவள் பெயரில் ஒரு பில்லாவது வரட்டும் என்பதற்காகவே டெலிபோன் இணைப்பு வாங்கிய குடும்பங்கள் உண்டு. 1967 முதல் 14,000-க்கும் மேற்பட்டோர் இந்த வசிப்புரிமையை இழந்திருக்கிறார்கள்.

கணவனுக்கு பச்சை உறை, மனைவிக்கு நீலம் என்றால் சிக்கல் இரட்டிப்பு. இப்படிப்பட்ட கணவன் மனைவி சேர்ந்து வாழ அனுமதி கேட்கும் ‘குடும்ப ஒன்றிணைப்பு’ விண்ணப்பங்களை 2002-இல் நிறுத்தி, 2003-இல் ‘தற்காலிக’ச் சட்டமாக்கினார்கள். ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். 2021-இல் காலாவதியானது, 2022-இல் மீண்டும் இயற்றினார்கள். இப்படிப்பட்ட தம்பதியர் பலர் கஃப்ர் அகபில் குடியேறினார்கள். அது மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் இஸ்ரேல் கட்டிய பிரிவினைச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே இருந்தால் மனைவியின் அட்டையும் பிழைக்கும், கணவனும் சாவடி தாண்டாமல் வீட்டுக்கு வர முடியும். வரி ஜெருசலேமுக்கு, குப்பை அள்ள ஆளில்லை.

ஆலிவ் பற்றித் தமிழில் ஏற்கெனவே கவிதை நிறைய. விவரம் ஒன்றே ஒன்று சேர்க்கிறோம். ஆலிவ் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓயும் மரம். ‘போன வருடம் 40 டின், இந்த வருடம் 15’ என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு மரத்தின் ஓய்வு, எவ்வளவு சுவரின் வேலை என்று பிரிக்க முடியாது. காய்ப்பு ஆண்டைக் காய்ப்பு ஆண்டோடு ஒப்பிட வேண்டும். 2002-இல் கட்டத் தொடங்கிய சுவருக்கு அந்தப் பக்கம் சிக்கிய நிலத்துக்கு, பெரும்பாலான கதவுகள் அறுவடைக் காலத்தில் மட்டும், அதிலும் நாளுக்குக் குறுகிய நேரமே திறக்கும். உழவும் கவாத்தும் களையெடுப்பும் மற்ற மாதங்களில் நடக்க வேண்டியவை, அவை நடக்காது. காய்ந்த களை கோடையில் தீப்பிடிக்கும். பறித்த காயும் கதவு திறக்கும் வரை சாக்கில் சூடேறிக் கிடந்தால் எண்ணெயின் அமிலம் ஏறி விலை இறங்கும். சீட்டில் பெயர் உள்ளவர் கிழவராக இருப்பார், பறிக்கத் தெம்புள்ள பேரனுக்குச் சீட்டு கிடைத்திருக்காது.

இந்தச் சாட்சியங்களைப் பதிவு செய்யும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் நிருபர்கள் காணொலி அழைப்பில் நேரடியாகப் பேட்டி எடுக்கத் தொடங்கியிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரிகையாளர்களைப் பார்த்தவர்களிடம் அதற்குத் தயாரான பதில் இருக்கிறது, அது எல்லோரிடமும் ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்து, கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை நடத்திக்கொண்டு போங்கள். பிறகு அதே வேலை பத்து வருடம் முன்பு எப்படி என்று கேளுங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு வழியை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். மண்மேடு, இரும்புக் கதவு, திடீர்ச் சாவடி எல்லாம் கோட்டில் தானாக வந்து உட்காரும். பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் தேதிக் குழப்பம் பாதி குறையும். கூடத்தில் ஆண்கள் இருந்தால் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வார்கள், வேறு நேரம் வையுங்கள்.

நினைவு இரண்டு சம்பவங்களை ஒன்றாக்கும். முதல் இன்டிஃபாதாவையும் சுவரையும் ஒரே வாக்கியத்தில் சொல்பவர் உண்டு, நடுவில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதற்காக அவர் வாயில் சரியான ஆண்டைப் போட்டுவிடக் கூடாது. அவர் சொன்னதை அப்படியே விட்டு, ஓரத்தில் குறிப்பெழுதுங்கள். 1979-இல் தொடங்கிய அல்-ஹக் போன்ற பாலஸ்தீன மனித உரிமை அமைப்புகள் எடுக்கும் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வேறு வகை. அதில் ஒரு சம்பவம், ஒரு தேதி, கையெழுத்து. வழக்குக்கு அதுதான் தேவை. ஆனால் துவைக்கிற நாள் எது என்று வாக்குமூலத்தில் யாரும் கேட்பதில்லை.

பாதுகாப்பு: பெயரை மாற்றினால் போதும் என்ற நினைப்பு தங்கள் பக்கங்களில் தெரிகிறது. சிறிய கிராமத்தின் பெயர், ‘ஒரே தையல்காரர்’, ‘மூத்த மகன் (இஸ்ரேலிய ராணுவத்தின்) ஓஃபர் சிறையில்’ என்று மூன்றையும் போட்டபின் பெயரை மாற்றி என்ன பயன்? ஊரை மாவட்டமாக்குங்கள், தொழிலை விடுங்கள் அல்லது மகனை விடுங்கள். ஒலியை இணையத்தில் ஏற்றாதீர்கள், குரல் பெயரைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். சம்மதத்தை இரண்டு முறை கேட்க வேண்டும், பேசுவதற்கு முன் ஒன்று, எழுத்தில் படித்துக் காட்டியபின் ஒன்று. இரண்டாவது முறையில் பலர் ஒரு பத்தியை எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது ராணுவத்தைப் பற்றியதாக இருக்காது, உறவினரைப் பற்றியதாக இருக்கும். கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. பெய்ரூட்டில் இருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் ஆவணங்களை 1982-இல் இஸ்ரேலிய ராணுவம் அள்ளிச் சென்றது. 2001-இல் ஜெருசலேமில் பாலஸ்தீனர்களின் அரசியல் அலுவலகமாக இருந்த ஓரியண்ட் ஹவுஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த காகிதங்களும் போயின. காசா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்று மையம் ஒன்று இயங்கி வந்தது. அந்த வளாகம் 2023 அக்டோபரில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆயிரம் மணி நேரத்துக்கு மேலான பேட்டிகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி 1948-இல் துரத்தப்பட்டு லெபனானுக்குப் போன தலைமுறையினுடையது. 1967-க்குப் பிந்தைய தண்ணீர்த் தொட்டியும் பில் உறையும் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ‘இதில் சொல்ல என்ன இருக்கிறது, எல்லா வீட்டிலும் உள்ளதுதானே’ என்று பேசுபவர்களே தள்ளிவிடுவது ஒரு காரணம். தாங்கள் எடுக்கும் பேட்டிகளின் முழு வடிவத்தையும் அரபியிலேயே வைத்திருங்கள், அச்சில் வருவது எவ்வளவு சுருங்கினாலும் சரி. பிரதி இரண்டு, இரண்டு ஊரில். உண்மைப் பெயர்ப் பட்டியல் அவற்றில் எதனோடும் இருக்கக் கூடாது.

கடைசியாக, சென்ற இதழில் மூன்று திருத்தங்கள். கலாந்தியா படத்துக்குக் கீழே ‘எல்லைச் சாவடி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது எல்லையில் இல்லை, ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவே, 1967-இல் பிடித்த நிலத்துக்குள் இருக்கிறது. காசா மீனவரின் பேட்டியை ‘மேற்குக் கரைக் குரல்கள்’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறீர்கள். மேற்குக் கரையில் மத்தியதரைக் கடல் இல்லை. ‘12 ஏக்கர் ஆலிவ் தோட்டம்’ என்று வந்தது மூலத்தில் 12 டூனம். ஒரு டூனம் 1,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். அந்தப் பெரியவரின் நிலம் மூன்று ஏக்கர்கூட இல்லை.

இப்படிக்கு,
வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைத் தமிழாக்கும் வாசகர்கள் சிலர்,
மதுரை